தரகரிடம் கேட்க வேண்டியதும் கேட்கக் கூடாததும்

நம் வயதுக்காரர்களுக்கு இப்போதெல்லாம் பிள்ளைகள் இரண்டு காரியத்துக்காகத்தான் போன் செய்கிறார்கள். ஒன்று, மருந்து சாப்பிட்டாயிற்றா என்று கேட்க. இன்னொன்று, "ஒரு வீடு பார்த்திருக்கோம், நீங்க ஒரு தடவை வந்து பார்த்துட்டுச் சொல்லுங்க" என்று கூப்பிட. இரண்டாவது போன் வந்தால் நமக்கு ஒரு உற்சாகம். சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். வாசல் எந்தத் திசை, அடுப்படி எந்த மூலை, தண்ணீர் உப்பா நல்லதா என்றெல்லாம் விசாரிக்கிறோம். தரகர் வாங்கித் தரும் இளநீரைக் குடித்துவிட்டு, "மனுஷன் நல்ல மாதிரியாத்தான் தெரியிறாரு" என்று ஒரு சான்றிதழும் கொடுத்துவிட்டு வருகிறோம்.

அந்தச் சான்றிதழைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன். தரகர் நல்லவரா கெட்டவரா என்ற கேள்வியே தவறான கேள்வி என்பது என் கருத்து. முதல் வீடு வாங்கும் பிள்ளைகள் ஏமாறுவது பெரும்பாலும் கெட்ட தரகரால் அல்ல. தரகரின் வேலை அல்லாத ஒன்றை அவரிடம் ஒப்படைப்பதால்தான் ஏமாறுகிறார்கள். வீட்டைத் தேடித் தருவது ஒரு வேலை. பத்திரத்தைச் சரிபார்ப்பது வேறு வேலை. பணத்தைக் கைமாற்றுவது மூன்றாவது வேலை. இந்த மூன்றையும் ஒரே ஆளின் தலையில் கட்டிவிட்டு, "எல்லாம் அவரு பாத்துக்குவாரு" என்று சொல்கிறோமே, அங்கேதான் வில்லங்கம் ஆரம்பிக்கிறது.

இதைச் சொல்ல உனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். நான் வக்கீல் இல்லை. முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் அரசாங்கத்தில் குமாஸ்தாவாக இருந்தவன். அதில் சில வருடங்கள் வீடு கட்டும் முன்பணப் பிரிவில் உட்கார்ந்திருந்தேன். ஊழியர்கள் வீடு வாங்கவும் கட்டவும் அரசாங்கம் கடன் கொடுக்கும். அந்தக் கோப்புகள் என் மேஜை வழியாகத்தான் போகும். மூலப்பத்திரம் எங்கே, வில்லங்கச் சான்றிதழ் எங்கே, வரைபட அனுமதி எங்கே என்று குறிப்பு எழுதித் திருப்பி அனுப்புவது என் வேலை. அந்த நாளில் என்னைத் திட்டாத சக ஊழியர் கிடையாது. "லோன் குடுக்கிறதுக்கு முன்னாடி உசிரை எடுத்துடுவாரு" என்று என் முதுகுக்குப் பின்னால் பேசுவது எனக்கே கேட்கும். ஆனால் அந்த மேஜையில் உட்கார்ந்ததால் எத்தனையோ குடும்பங்களின் முதல் வீட்டுக் கதை எனக்குத் தெரியும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு பழைய அனுபவமும் உண்டு. பிரெஞ்சுக்காரர் காலத்தில் வீடு கைமாறினால் நொத்தேர் முன்னால்தான் கைமாறும். என்னைப் போலப் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்கள் வீட்டில் பெரியவர்கள் அடிக்கடி சொல்லக் கேட்டிருப்பீர்கள்: "நொத்தேர் வாசிச்சாரு, கையெழுத்துப் போட்டோம்." விற்பவர் ஒரு பக்கம், வாங்குபவர் ஒரு பக்கம், நடுவில் நொத்தேர். அவர் பத்திரத்தை வாய்விட்டுப் படிப்பார். மூலம் அவருடைய அலுவலகத்திலேயே இருக்கும். அதற்கு மினுய்த் என்று பெயர். நம் கைக்கு வருவது அவர் கையெழுத்திட்ட நகல். இந்திய முறையில் இது தலைகீழ். மூலப்பத்திரம் வாங்கியவர் கையில், நகல் பதிவு அலுவலகத்தில். அதனால்தான் நம் ஊர்ப் பழைய வீடுகளின் பூர்வீகத்தைத் தேடுபவர்கள் இன்றைக்கும் பழைய நொத்தேர் ஏடுகளைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

அப்போதும் தரகர் இருந்தார். பிரெஞ்சில் அவருக்குக் கூர்த்தியே என்று பெயர். ஓடுவது என்ற வினைச்சொல்லிலிருந்து பிறந்த சொல் அது. யோசித்தால் எவ்வளவு பொருத்தம்! இவரிடம் ஓடி, அவரிடம் ஓடி, இருவரையும் ஒரு மேஜைக்குக் கொண்டுவந்து சேர்ப்பவர். மேஜைக்கு வந்த பிறகு பேச்சு நொத்தேருடையது. ஓடுபவர் ஒருவர், உட்கார்ந்து படிப்பவர் இன்னொருவர். பத்திரத்தில் பிழை வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் படிப்பவர்.

பிரான்சில் இருக்கும் நம் உறவுக்காரப் பிள்ளைகளைக் கேட்டால் இன்றைக்கும் அங்கே அந்தப் பிரிவினை இருப்பது தெரியும். 1970-ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று, ஒகே சட்டம் என்பார்கள், தரகரைக் கட்டுப்படுத்துகிறது. தொழில் அட்டை இல்லாமல் அவர் தொழில் செய்ய முடியாது. எழுத்துமூலமான அதிகாரம் இல்லாமல் ஒரு வீட்டை விலை பேச முடியாது. வியாபாரம் முடிந்து எழுத்தில் வருவதற்கு முன்னால் ஒரு காசு கமிஷன் வாங்கக் கூடாது. வீட்டின் பணம் நொத்தேரின் கணக்கு வழியாகப் போகிறது. குடியிருக்க வீடு வாங்கும் சாதாரண மனிதர் முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகும், காரணம் எதுவும் சொல்லாமல் 10 நாளுக்குள் பின்வாங்கலாம். அங்கே எல்லாரும் யோக்கியர், இங்கே எல்லாரும் அயோக்கியர் என்று நான் சொல்ல வரவில்லை. மனிதன் எங்கேயும் மனிதன்தான். வேலையைப் பிரித்துவிட்டால், ஒருவர் தவறினாலும் இன்னொருவர் கண்ணில் படும். அவ்வளவுதான் சூட்சுமம்.

இனி நம் தரகருக்கு வருவோம். முதலில் அவருக்குச் சேர வேண்டிய நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். நல்ல தரகர் ஒரு நடமாடும் ஏடு. எந்தத் தெருவில் யார் வீட்டை விற்க நினைக்கிறார்கள் என்பது பலகை மாட்டுவதற்கு முன்பே அவருக்குத் தெரியும். லாஸ்பேட்டையில் கேட்கும் விலை எவ்வளவு, நிஜமாக முடிகிற விலை எவ்வளவு என்று அவருக்குத்தான் தெரியும். கேட்கும் விலையைப் பத்திரிகை விளம்பரத்தில் பார்க்கலாம். முடிகிற விலையை அங்கே பார்க்க முடியாது. விற்பவரும் வாங்குபவரும் நேருக்கு நேர் பேசினால் முறுக்கிக்கொள்ளும் இடத்தில் அவர் நடுவில் நின்று இரண்டு பேருடைய கௌரவத்தையும் காப்பாற்றுவார். வெயிலில் பத்து வீடு காட்டி, ஒன்றும் அமையாமல் போனாலும் பதினோராவது வீட்டுக்குக் கூட்டிப் போவார். இதற்கெல்லாம் கூலி கொடுக்கத்தான் வேண்டும். வேலையை வாங்கிக்கொண்டு, கடைசி நேரத்தில் அவரை வெட்டிவிட்டு வீட்டுக்காரரிடம் நேராகப் போய் முடித்துக்கொள்பவர்களை எனக்குத் தெரியும். அதுவும் ஒரு வகைத் திருட்டுத்தான்.

ஆனால் அவருடைய லாபம் எதில் இருக்கிறது என்று ஒரு நிமிடம் கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டின் விலை 60 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதவீதம் என்றால் அவருக்கு உங்களிடமிருந்து 60 ஆயிரம் ரூபாய். நீங்கள் பேரம் பேசி 2 லட்சம் குறைத்துவிட்டால் அவருக்கு 58 ஆயிரம். உங்களுக்கு மிச்சம் 2 லட்சம், அவருக்கு நட்டம் வெறும் 2 ஆயிரம். ஆகவே விலை கொஞ்சம் ஏறுவதோ இறங்குவதோ அவருக்குப் பெரிய விஷயமே இல்லை. அதே சமயம், வக்கீல் பத்திரத்தைப் பார்த்துவிட்டு "இது வேண்டாம்" என்று சொல்லிவிட்டால் அவருக்கு 60 ஆயிரமும் போச்சு. விற்பவரிடமும் கமிஷன் பேசியிருந்தால் அதுவும் போச்சு. அவர் நல்லவராகவே இருக்கட்டும், அவருடைய வயிறு வியாபாரம் முடிவதில் இருக்கிறது. அப்படிப்பட்டவரிடம் போய், "இந்தப் பத்திரம் சரியா இருக்கா அண்ணே?" என்று கேட்பது என்ன நியாயம்? அவர் பொய் சொல்ல வேண்டும் என்பதுகூட இல்லை. நல்லதாக இருக்க வேண்டும் என்று மனசு விரும்பினால் கண்ணுக்கு நல்லதாகவே தெரியும்.

என் அலுவலகத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். தொண்ணூறுகளில் ஒரு இளைஞர் எங்களோடு கீழ்நிலை எழுத்தராக இருந்தார். புதுக் கல்யாணம். ஊருக்கு வெளியே ஒரு சின்ன ஓட்டு வீடு, பின்னால் இரண்டு தென்னை மரம், விலைக்கு வந்தது. முன்பணத்துக்கு விண்ணப்பம் வாங்க என்னிடம் வந்தவர், இரண்டு நாள் கழித்து விண்ணப்பத்தைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டார். "கவர்மெண்ட் லோன் வர்றதுக்குள்ள வீடு போயிடும்னு புரோக்கர் சொல்றாரு சார். வேற பார்ட்டி காத்துக்கிட்டு இருக்காம்" என்றார். மனைவியின் நகையை அடகு வைத்து, மாமனாரிடம் வாங்கி, மீதியை வெளியில் வட்டிக்கு எடுத்துக் கிரயம் முடித்தார். வக்கீலையும் தரகரே கூட்டி வந்தார். வில்லங்கச் சான்றிதழ் சுத்தமாக இருந்தது. சட்டக் கருத்து ஒரே நாளில் கைக்கு வந்தது.

வீடு, செத்துப்போன ஒரு பெரியவர் பெயரில் இருந்தது. மனைவியும் முன்பே போய்விட்டார். இரண்டு மகன்கள் கையெழுத்துப் போட்டு விற்றார்கள். அந்தப் பெரியவருக்கு ஒரு மகளும் உண்டு. கல்யாணமாகிப் பிரான்சுக்குப் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. நம் ஊரில் இது எவ்வளவு சாதாரணம் என்று உங்களுக்கே தெரியும். நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் யாராவது பாரிசிலோ ரெயூனியனிலோ இருப்பார்கள். மூன்று வருடம் கழித்து அந்த அம்மாள் விடுமுறைக்கு வந்தார். தான் பிறந்த வீட்டில் வேறு குடும்பம் இருப்பதைப் பார்த்தார். மூன்றில் ஒரு பங்கு என்னுடையது என்று வழக்குப் போட்டார். அவர் கேட்டதில் என்ன தப்பு?

வழக்கு நடந்த காலமெல்லாம் அந்த இளைஞர் வாய்தா தேதிக்கு விடுப்பு எழுதிக்கொண்டு என் மேஜைக்கு வருவார். அண்ணன் தம்பி இருவரும் பணத்தைச் செலவழித்து முடித்திருந்தார்கள். கடைசியில் சமாதானமாகி, அந்த அம்மாளின் பங்குக்கு இவரே பணம் கொடுத்துத் தனியாக ஒரு கிரயம் வாங்கினார். அடகு வைத்த நகை வீட்டுக்குத் திரும்பவே இல்லை. ஒரு வீட்டுக்கு ஒன்றேகால் வீட்டு விலை.

தரகரைப் போய்க் கேட்டபோது அவர் சொன்ன பதில் எங்கள் அலுவலகத்தில் ரொம்ப நாள் பேசப்பட்டது. "எனக்கு என்ன சார் தெரியும்? வீட்டைக் காட்டுறதுதான் என் வேலை." எல்லாரும் அவரைச் சபித்தார்கள். எனக்கு மட்டும் அப்போதும் ஒரு எண்ணம், இப்போதும் அதே எண்ணம்: அவர் சொன்னது உண்மை. வீட்டைக் காட்டுவதுதான் அவர் வேலை. கிரயத்துக்கு முன்னால் அதை அவர் சொல்லவில்லை என்பது அவருடைய குற்றம். அதை நாம் யாரும் முன்கூட்டியே புரிந்துகொள்ளவில்லை என்பதுதான் பெரிய நட்டம்.

வில்லங்கச் சான்றிதழ் சுத்தமாக இருந்தும் எப்படி இப்படி ஆயிற்று என்று சிலர் கேட்பார்கள். பதிவானது மட்டும்தான் அதில் வரும். சாவு பதிவு அலுவலகத்தில் பதிவாவதில்லை. வாரிசு உரிமை தானாக வந்து சேர்வது, அதற்குப் பத்திரம் வேண்டாம். உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கும் பல சமயம் அதில் தெரியாது. ஆகவே 30 வருட வில்லங்கம் போட்டுப் பார்ப்பது அவசியம், ஆனால் போதாது. விற்பவரின் குடும்ப மரத்தை ஒரு தாளில் வரைந்து, யார் யார் இருக்கிறார்கள், எங்கே இருக்கிறார்கள், யார் கையெழுத்து வரவில்லை என்று பார்க்க வேண்டும். இதற்குக் கம்ப்யூட்டர் தெரிய வேண்டியதில்லை. நாலு வீடு தள்ளி இருக்கும் ஒரு வயதான அம்மாவிடம் உட்கார்ந்து பேசத் தெரிந்தால் போதும். இந்த வேலைக்கு நம்மைவிடப் பொருத்தமானவர்கள் யார்?

இப்போது சட்டம் வந்துவிட்டதே என்பார்கள். வந்திருக்கிறது, நல்ல சட்டம்தான். 2016-இல் மத்திய அரசு கொண்டுவந்த ரியல் எஸ்டேட் சட்டம், ரேரா என்று எல்லாரும் சொல்வது. மனைப்பிரிவோ அடுக்குமாடியோ, நிலம் 500 சதுர மீட்டருக்கு மேல் இருந்தாலோ 8 வீட்டுக்கு மேல் இருந்தாலோ பொதுவாகப் பதிவு செய்தாக வேண்டும். அப்படிப் பதிவாக வேண்டிய திட்டத்தில் வீடு விற்றுத்தரும் தரகரும் பதிவு எண் வாங்கியாக வேண்டும். மீறினால் நாளொன்றுக்கு 10 ஆயிரம் ரூபாய் என்று அபராதம் ஏறும், விற்ற சொத்தின் விலையில் 5 சதவீதம் வரை போகலாம். எழுதிப் பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் கட்டுநர் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. புதுச்சேரியிலும் இதற்கென்று ஆணையம் இருக்கிறது. ஆகவே புது அடுக்குமாடி வாங்கும் பிள்ளைகளிடம், "திட்டத்தோட பதிவு எண் என்ன, உங்க பதிவு எண் என்ன" என்ற இரண்டு கேள்வியைத் தரகரிடம் கேட்கச் சொல்லுங்கள். அவர் முகம் போகிற போக்கிலேயே பாதி தெரிந்துவிடும்.

ஆனால் முத்தியால்பேட்டையில் ஒரு பழைய வீடு, முதலியார்பேட்டையில் ஒரு கைமாறிய தனி வீடு என்று வாங்கினால் இந்தச் சட்டம் காவலுக்கு வராது. முதல் வீடு வாங்குபவர்களில் நிறையப் பேர் வாங்குவது அந்த மாதிரி வீடுதான். அங்கே தரகருக்கு அட்டையும் கிடையாது, பதிவேடும் கிடையாது. ஒரு செல்போன், ஒரு ஸ்கூட்டர், இரண்டு டீக்கடை அறிமுகம் போதும். ஆகவே அங்கே காவல் நாம்தான்.

என்ன செய்யலாம்? கோப்புகளிலிருந்து நான் கற்றதைச் சொல்கிறேன்.

முதலாவது, கூலியை முதல் நாளே பேசிவிடுங்கள். எத்தனை சதவீதம், விற்பவரிடமும் வாங்குகிறாரா, எப்போது தர வேண்டும் என்று மூன்று வரி எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம். கிரயப் பதிவு முடிந்த அன்றைக்குக் கமிஷன் என்பதுதான் நியாயம். முன்கூட்டியே கேட்டால், போக்குவரத்துச் செலவுக்கு என்று ஏதாவது கொடுக்கலாம். கமிஷனைக் கொடுக்கக் கூடாது. இரண்டு பக்கமும் வாங்குகிறார் என்றால் கோபப்பட வேண்டாம். அது ஊர் வழக்கம். ஆனால் உங்கள் உச்ச பட்ஜெட் என்ன என்று அவரிடம் சொல்வதும், அதை வீட்டுக்காரரிடமே சொல்வதும் ஒன்றுதான் என்பது ஞாபகம் இருக்கட்டும்.

இரண்டாவது, வீட்டுக்காரரைப் பார்க்காமல் ஒரு ரூபாய் கைமாறக் கூடாது. சில தரகர்கள் சொற்ப அட்வான்ஸ் கொடுத்துத் தங்கள் பெயரிலேயே மூன்று மாத அக்ரிமென்ட் போட்டுக்கொள்வார்கள். வீட்டுக்காரருக்கு ஒரு விலை, உங்களுக்கு ஒரு விலை, நடுவில் இருப்பது அவருக்கு. வெளிப்படையாகச் சொல்லிச் செய்தால் அது வியாபாரம். உங்களுக்காகப் பேசுகிறேன் என்று சொல்லிக்கொண்டு மறைத்துச் செய்தால் அது துரோகம். 1872-ஆம் வருடத்து ஒப்பந்தச் சட்டமே, முதலாளிக்குத் தெரியாமல் முகவர் தன் கணக்கில் வியாபாரம் செய்தால் அந்த லாபத்தை முதலாளி கேட்கலாம் என்கிறது. நீதிமன்றம் ஏறி அதைக் கேட்பதைவிட, வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்து, "நீங்க என்ன விலை எதிர்பார்க்கிறீங்க?" என்று நேராகக் கேட்பது சுலபம்.

மூன்றாவது, பணம். அட்வான்ஸ் ஆனாலும் மீதி ஆனாலும் வங்கி வழியாக, வீட்டுக்காரரின் கணக்குக்கு மட்டும். தரகர் கையில் கொடுத்து "குடுத்துடுங்க" என்று சொல்வது கூடவே கூடாது. நிலம் வீடு விற்பனையில் 20 ஆயிரமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதை வருமானவரிச் சட்டமே தடுக்கிறது. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் ஒரு சதவீதத்தைப் பிடித்து வரியாகக் கட்டும் பொறுப்பு வாங்குபவருடையது. இதைப் பல பிள்ளைகள் நோட்டீஸ் வந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். "பத்திரத்துல கொஞ்சம் கம்மியா காட்டிக்கலாம், செலவு மிச்சம்" என்று தரகர் சொன்னால், மிச்சம் யாருக்கு என்று கேளுங்கள். நாளைக்கு வியாபாரம் முறிந்து பணத்தைத் திரும்பக் கேட்கும்போது பத்திரத்தில் இருக்கும் தொகைக்குத்தான் சாட்சி உண்டு.

நான்காவது, வக்கீல் உங்கள் வக்கீலாக இருக்க வேண்டும். தரகர் கூட்டிவரும் வக்கீல் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சரி, அவருக்கு அடுத்த வழக்கு யார் மூலம் வரும் என்று யோசியுங்கள். ஃபீஸை நீங்களே கொடுங்கள். ஜெராக்ஸை அல்ல, மூலப்பத்திரத்தைக் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். மூலப்பத்திரம் "பேங்க்ல இருக்கு" என்றால், எந்த வங்கி, எவ்வளவு பாக்கி என்று அந்த வங்கியிடமே கடிதம் வாங்குங்கள்.

ஐந்தாவது, பவர் பத்திரம். பிரான்சில் இருப்பவர்களின் வீட்டை இங்கே ஒருவர் பவர் வைத்து விற்பது நம் ஊரில் தினசரிக் காட்சி. அதில் தப்பில்லை. ஆனால் பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கும்வரைதான் அதற்கு உயிர். அவர் போய்விட்டால் பவரும் போய்விடும். வாரிசுகள் வந்தாக வேண்டும். பதிவுக்கு முன்னால் அவரோடு வீடியோவில் ஒரு தடவை முகம் பார்த்துப் பேசிவிடுங்கள். வெளிநாட்டில் எழுதிய பவருக்கு, அது இந்தியா வந்து 3 மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டியிருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். பவரும் அக்ரிமென்ட்டும் கையில் இருந்தாலே வீடு நமக்குச் சொந்தம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். பதிவு செய்த கிரயப் பத்திரம் இல்லாமல் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஆறாவது, நம் ஊருக்கே உரிய ஒன்று: எல்லை. "பாண்டியிலதான் சார்" என்று கூட்டிப் போவார்கள். போய்ப் பார்த்தால் கோட்டக்குப்பம் பக்கம் இருக்கும். அது விழுப்புரம் மாவட்டம், தமிழ்நாடு. நல்ல ஊர்தான், வாங்கக் கூடாது என்பதில்லை. ஆனால் பதிவு அலுவலகம் வேறு, முத்திரைக் கட்டணம் வேறு, பட்டா தேட வேண்டிய இடம் வேறு, ரேஷன் கார்டு வேறு. புதுச்சேரி நில ஆவணத்துக்கு நிலமகள் இணையதளம் என்றால் அங்கே தமிழ்நாட்டின் இணையதளம். ஒரே சாலையில் ஒரு பக்கம் ஒரு அரசாங்கம், மறுபக்கம் இன்னொரு அரசாங்கம் என்பது நமக்குப் பழக்கம். வெளியூரிலிருந்து வேலைக்கு வந்து முதல் வீடு வாங்கும் பிள்ளைக்கு அது தெரியாது.

ஏழாவது, தண்ணீர். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் வந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கமெல்லாம் என்ன பாடு பட்டார்கள் என்று பார்த்தோம். வீட்டைத் தரகர் காட்டுவது வெயில் காலத்தில், புது வண்ணம் அடித்த பிறகு. அந்தத் தெருவில் தண்ணீர் எத்தனை அடி நின்றது என்பதைத் தெருமுனை மளிகைக் கடையில் கேளுங்கள். கடைக்காரருக்குக் கமிஷன் இல்லை.

இப்படியெல்லாம் பார்த்தால் இந்த ஜென்மத்தில் வீடு வாங்க முடியாது என்று என் மருமகன் முறையில் ஒருவர் என்னிடமே சொன்னார். அவர் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. நல்ல வீடு காத்திருக்காது. விலை ஏறிக்கொண்டே போகிறது. வாடகை வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்கிறார். ஆனால் நான் சொன்ன வேலை எல்லாம் சேர்ந்து இரண்டு மூன்று வாரம். வங்கிக் கடன் 20 வருடம். மூன்று வாரம் பொறுக்க மாட்டேன் என்று சொல்லும் வீடு, எதை மறைக்க அவசரப்படுகிறது என்று கேட்க வேண்டும். "வேற பார்ட்டி ரெடியா இருக்காங்க" என்றால், "சந்தோஷம், அவங்களுக்கே குடுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வரத் தைரியம் வேண்டும். இளம் தம்பதிக்கு அந்தத் தைரியம் வராது. கூட ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தால் வரும்.

நல்ல தரகர் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார். என் தங்கை மகள் சில வருடத்துக்கு முன் ரெட்டியார்பாளையம் பக்கம் வீடு தேடியபோது வந்த தரகர், முதல் நாளே, "பத்திரம் பத்தி என்னைக் கேக்காதீங்கம்மா, உங்க வக்கீல்கிட்ட காட்டுங்க" என்று சொன்னார். வக்கீல் பார்த்தார். மனைக்கு அங்கீகாரத்தில் சிக்கல் இருந்தது. வியாபாரம் நின்றுபோயிற்று. அவருக்கு ஒரு பைசா கிடைக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து அவரே வேறு வீடு காட்டினார். அது எல்லா வகையிலும் சரியாக இருந்தது. பதிவு முடிந்த அன்று பேசியதற்கு மேல் ஐந்தாயிரம் சேர்த்துக் கொடுத்தாள். வாங்க மாட்டேன் என்றார். "பேசினது பேசினதுதான்" என்றார். இப்படிப்பட்டவர்களும் நம் ஊரில்தான் இருக்கிறார்கள். அவர் தன் வேலையின் எல்லையைத் தெரிந்துவைத்திருந்தார்.

கடைசியாக நம்மைப் பற்றி. இன்றைக்கு விற்பனைக்கு வரும் பழைய வீடுகள் யாருடையவை? பெரும்பாலும் நம்முடையவை. நாம் கண்ணை மூடிய பிறகு, பாதிப் பிள்ளைகள் வெளிநாட்டில், பாதி இங்கே, பத்திரம் எந்தப் பெட்டியில் என்று யாருக்கும் தெரியாமல் விட்டுப்போனால், நாளைக்கு ஒரு தரகர் ஒரு இளம் தம்பதியைக் கூட்டிவந்து அந்த வீட்டைத்தான் காட்டுவார். விட்டுப்போன கையெழுத்து நம் வீட்டு மகளுடையதாக இருக்கும். ஆகவே இந்த வாரமே அலமாரியைத் திறந்து மூலப்பத்திரத்தையும், பழைய நொத்தேர் நகல் இருந்தால் அதையும், வரி ரசீதுகளையும் ஒரு கோப்பில் வரிசையாக அடுக்குங்கள். மேலே ஒரு வெள்ளைத் தாளில் நம் பிள்ளைகள் அத்தனை பேருடைய பெயரையும் முகவரியையும் எழுதி வையுங்கள், மகள்கள் பெயரையும் சேர்த்து.